மூன்று மில்லிமீட்டர் விட்டுத் தைத்த ஆறு கதவுகள்

நான் தையல்காரி. லண்டன் ஈஸ்ட் ஹாமில், வீட்டு முன்னறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிளவுஸ் தைக்கிறேன். அளவெடுத்துத் தைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, கடையில் வாங்கிய சட்டையை இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுக்கிறவர்களை எனக்குத் தூரத்திலேயே அடையாளம் தெரியும். கதவைப் பற்றிப் போன வருடம் வரை எனக்கு ஒன்றும் தெரியாது. அளவைப் பற்றித் தெரியும். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு அளவெடுத்துத் தீயைத் தாங்கும் கதவுகள் செய்து தந்த பட்டறையின் பெயரைப் போடவில்லை. மூத்தவர் ஒருவர், அவரிடம் வேலை பழகும் பெண் ஒருத்தி, அவ்வளவுதான் பட்டறை. லீ ஆற்றை ஒட்டிய தொழிற்பேட்டையில், ஒரு டயர்க் கடைக்குப் பின்னால் இருக்கிறது. "பெயரைப் போட்டால் ஆர்டர் வரும், ஆர்டர் வந்தால் அவசரம் வரும், அவசரம் வந்தால் என் கதவு கெடும்" என்று மூத்தவர் கேட்டுக்கொண்டார். ஏற்கெனவே அவர் ஐந்து வாரம் தாமதமாகத்தான் எனக்கு வேலையை முடித்தார். அதனால் அந்தக் கோரிக்கையை நான் மனமார ஏற்றுக்கொள்கிறேன்.

எதற்குக் கதவு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது நூறு வயது தாண்டிய வரிசை வீடு. கீழே இரண்டு அறையும் சமையலறையும், மேலே இரண்டு அறையும் குளியலறையும். மகளுக்கு வீட்டிலிருந்தே வேலை. அவளுக்காகக் கூரைக்கடியில் ஓர் அறை எடுக்க நினைத்தோம். ஓர் அறைதானே என்று நினைத்தேன். இங்கிலாந்தின் கட்டட விதி அப்படி நினைக்கவில்லை. புதிய மாடியின் தளம் தரையிலிருந்து 4.5 மீட்டருக்கு மேல் போய்விட்டால், அங்கிருந்து ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பிக்கலாம் என்ற கணக்கை விதி ஒத்துக்கொள்ளாது. படிக்கட்டு ஒன்றுதான் வழி. ஆகவே வாசல் வரைக்கும் அந்தப் படிக்கட்டை நெருப்பிலிருந்தும் புகையிலிருந்தும் காக்க வேண்டும். அதைப் பார்த்துத் திறக்கிற ஒவ்வோர் அறைக்கும் தீயைத் தாங்கும் கதவு வேண்டும். குளியலறைக்கு விலக்குக் கிடைத்தது. அங்கே எரிவதற்கு எதுவும் இல்லை என்று கட்டட விதிப் பரிசோதகரே பார்த்துச் சொன்னார். மேலே ஓர் அறை கேட்டதற்குக் கீழே ஐந்து கதவையும் மாற்றச் சொன்னார்கள். புதிதாக வரும் அறையுடையதையும் சேர்த்தால் ஆறு.

என் முன்னறைக்குத்தான் முதலில் கதவு வேண்டும் என்று தோன்றியது. எட்டடி நீள மேசையில் துணி, லைனிங், நூல்கண்டு, மூலையில் சூடான இஸ்திரிப் பெட்டி. அந்த வீட்டில் எரியக்கூடிய பொருளையெல்லாம் ஒரே அறையில் நான்தான் குவித்து வைத்திருக்கிறேன்.

கூரை வேலை செய்த கட்டட ஒப்பந்தக்காரர் கதவும் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். யார் என்று சொல்ல விரும்பவில்லை. மரக்கிடங்கிலிருந்து 762 மில்லிமீட்டர் அகலம், 1981 மில்லிமீட்டர் உயரத்தில் தயாராக விற்கும் கதவுகளை இறக்கினார். மேலே சான்றிதழ் ஒட்டிய நல்ல கதவுகள்தான், ஒவ்வொன்றும் 120 பவுண்டு. எங்கள் வீட்டு வாசல்களில் பெரியதே 735தான். என்ன செய்தார் தெரியுமா? மின்சாரச் சீவுளியை எடுத்து இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் சீவித் தள்ளினார். உயரம் அதிகமான இடத்தில் மேல்விளிம்பையும் அறுத்தார். சான்றிதழ்ச் சீட்டு மரத்தூளோடு சேர்ந்து குப்பைப் பையில் போனது. வாசல் கோணலாக இருந்ததால் கதவுக்கும் நிலைக்கும் நடுவே மேலே 2 மில்லிமீட்டர், கீழே 9 மில்லிமீட்டர். நிலைக்கும் சுவருக்கும் இடையில் இளஞ்சிவப்பு நுரையைப் பீச்சி அடைத்தார். டப்பாவில் நெருப்புப் படம் போட்டிருக்கிறது, போதும் என்றார்.

பரிசோதகர் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய உலோக ஆப்பை எடுத்து, கதவின் இடுக்கில் மெல்லச் செருகினார். பல்வலிக்காரர் வாயில் மருத்துவர் கண்ணாடி விடுவது போல இருந்தது. 9 என்று எழுதினார். மேல்விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். சீட்டு எங்கே என்று கேட்டார். ஒப்பந்தக்காரர் என்னைப் பார்த்தார். நான் குப்பைப் பையைப் பார்த்தேன். மூன்று கதவு மாட்டியிருந்தது, மூன்றும் செல்லாது என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அப்படித்தான் லீ ஆற்றங்கரைப் பட்டறைக்குப் போனேன்.

முதல் பத்து நிமிடத்திலேயே மூத்தவர் நான் கேட்ட இரண்டையும் மறுத்தார். வீட்டுப் பழைய கதவுகள் பைன் மரத்தில் செய்த நான்கு பலகைக் கதவுகள். நூறு வருடக் கைபட்டு வழுவழுப்பானவை. அவற்றையே வைத்துக்கொண்டு தீத்தடுப்புப் பூச்சுப் பூசித் தர முடியுமா என்று கேட்டேன். அவர் தன் கருவியை எடுத்து, நான் கொண்டுபோயிருந்த கதவின் பலகையை அதன் மெல்லிய இடத்தில் அளந்தார். 9 மில்லிமீட்டர். பைன் போன்ற மரம் தீயில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் கரியாகும் என்று சொல்லி, தாளில் பெருக்கிக் காட்டினார். முப்பது நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் மரம் போய்விடும். என் பலகை கால் மணி நேரம்கூட நிற்காது. பழைய கதவை வலுப்படுத்த வழிகள் உண்டு, பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் அப்படித்தான் செய்வார்கள், ஆனால் அதற்குப் பலகையில் கொஞ்சமாவது சதை இருக்க வேண்டும் என்றார். சதை என்ற சொல் என்னுடையது. அவர் சொன்னது வேறு ஏதோ, பொருள் இதுதான்.

இரண்டாவது, சமையலறைக் கதவில் இருந்த சிவப்பும் பச்சையுமான கண்ணாடி. மாலையில் அதன் நிறம் நடைவழித் தரையில் விழும். அதைப் புதுக் கதவில் பதிக்கக் கேட்டேன். முடியாது. சாதாரணக் கண்ணாடி சூட்டில் சில நிமிடங்களில் உடைந்து விழும். விழுந்த இடம் தீக்கு ஜன்னல். அதற்கென்றே சோதித்த கண்ணாடி உண்டு, அதையும் சான்றிதழ் சொல்லும் அளவில், அது சொல்லும் சட்டத்தோடு, அனுமதி பெற்றவர்தான் வெட்டிப் பதிக்கலாம். விலையையும் சொன்னார். கண்ணாடி வேண்டாம் என்றேன். என்னுடைய பழைய கண்ணாடி இப்போது தையலறை ஜன்னலில் தொங்குகிறது. நடைவழி கொஞ்சம் இருட்டிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஒன்றரை மீட்டர் துணியைக் கொண்டுவந்து முழுக்கை வைத்துத் தைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. முடியாது என்றால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். இவர் இரண்டு தரம் முடியாது என்றார், இரண்டு தரமும் காரணத்தைத் தாளில் எழுதிக் காட்டினார். அங்கேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

மீதிப் பாதி, சான்றிதழ் எப்படி வேலை செய்கிறது என்று அவர் விளக்கியபோது வந்தது. அளவுக்குச் செய்த கதவு என்றால் மனம்போனபடி செய்த கதவு என்று நினைத்திருந்தேன். இல்லை. ஏதோ ஒரு கதவு, தன் நிலையோடும் கீலோடும் பூட்டோடும் சேர்ந்து ஒரு உலையின் வாயில் நிறுத்தப்பட்டு எரிந்திருக்க வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் உலையின் வெப்பம் 570 பாகையைத் தாண்டும். முப்பதாவது நிமிடத்தில் 840 பாகை. மறுபக்கம் தீ எட்டிப் பார்க்காமல் அவ்வளவு நேரம் நின்றால்தான் எஃப்.டி.30 என்ற பெயர். அந்த ஒரு கதவு எழுதிய தேர்வில்தான் அதன் வம்சம் முழுக்கப் பிழைக்கிறது. அந்த வம்சத்துக்குள் அகலம் எவ்வளவு மாறலாம், விளிம்புப் பட்டை எவ்வளவு கனம், எந்தக் கீல், எந்த இடத்தில் பூட்டு, முகத்தில் என்ன அலங்காரம் என்று சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் எல்லை போட்டிருக்கிறது. எல்லைக்குள் வெட்டினால் அளவுக் கதவு. எல்லையைத் தாண்டினால், மரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது வெறும் கதவு. எங்கள் ஒப்பந்தக்காரர் செய்தது இரண்டாவது வகை. பேட்டர்ன் காகிதத்தில் தையலுக்கு விட்ட ஓரத்தையும் சேர்த்து வெட்டிவிட்டார் என்று சொன்னால் தையல்காரிகளுக்குப் புரியும்.

இந்தப் பட்டறை நடுப்பலகையைத் தானே செய்வதில்லை. பெரிய உற்பத்தியாளரிடமிருந்து சோதித்துச் சான்று பெற்ற 44 மில்லிமீட்டர் கனப் பலகையை வாங்குகிறார்கள். அதை வாசலின் அளவுக்கு வெட்டி, விளிம்பில் ஓக் பட்டை ஒட்டி, முகத்தில் ஓக் வெனீர் என்ற மெல்லிய மரத்தோலைப் போர்த்தி, அதன்மேல் சட்டங்களைப் பதித்து நான்கு பலகைத் தோற்றம் கொடுக்கிறார்கள். முழுக்க முழுக்க ஓக் மரம் என்று எங்கும் சொல்லவில்லை. கேட்டபோது அறுத்த துண்டைக் கையில் கொடுத்து உள்ளே பார்க்கச் சொன்னார்கள். முழு மரத்தில் செய்யவும் சோதித்த வடிவங்கள் உண்டாம், விலை இரண்டு மடங்குக்கு மேல். எனக்கு அது தேவைப்படவில்லை. சாவகச்சேரி வீட்டில் முதிரை மரக் கதவோடு வளர்ந்தவள் நான். வெனீர் என்றதும் முகம் சுளித்தேன்தான். கதவு வந்து மாட்டியபின் சுளிப்பு போய்விட்டது.

அளவெடுக்க அவரும் அந்தப் பெண்ணும் வந்தார்கள். இந்த இடத்தை நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

ஒரு வாசலுக்கு ஏழு அளவு எடுத்தார்கள். அகலம் மேலே, நடுவில், கீழே. உயரம் இடத்திலும் வலத்திலும். பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவு. சமையலறை வாசல் மேலே 731, நடுவில் 735, கீழே 728. குறுக்களவு இரண்டுக்கும் 11 மில்லிமீட்டர் வித்தியாசம். அந்தப் பெண் எண்ணைச் சொல்வாள், அவர் எழுதுவார், எழுதியதைத் திரும்பப் படிப்பார், அவள் நாடாவை மறுபடி வைத்துச் சரி என்பாள். நான் இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருக்கிற பெண்ணை இதுவரை பார்த்ததில்லை. நான்கு மூலையும் நேரான வாசலை அவரும் பார்த்ததில்லையாம். ஆனால் நான் துணியில் சமாளிப்பேன், இழுத்தால் இழுபடும். மரம் இழுபடாது. அதனால் அவர் கதவைக் கோணலாக்கவில்லை. ஆறு வாசலிலும் பழைய நிலையைக் கழற்றிப் புது நிலை போட்டார். நிலையை நேராக நிறுத்தி, கோணலைச் சுவரின் பக்கம் தள்ளிவிட்டார். அந்த இடுக்கில் கல்லை உருக்கி இழைத்த பஞ்சை இறுக்கி அடைத்து, மேலே சூட்டில் வீங்கும் மெழுகு போன்ற பசையை இழுத்தார். இளஞ்சிவப்பு நுரை என்ன ஆயிற்று என்று கேட்டேன். அந்த நுரையைச் செங்கல் சுவர் வெடிப்பில் வைத்துச் சோதித்திருப்பார்கள், கதவு நிலையோடு வைத்துச் சோதித்தார்களா என்று டப்பாவில் தேடுங்கள் என்றார். தேடினேன். இல்லை.

பட்டறைக்கு நான் இரண்டு தரம் போனேன். இரண்டாம் தரம் போனபோது அந்தப் பெண் நிலைச்சட்டத்தில் காடி வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் காடிக்குள் பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை ஓடுகிறது, 15 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் கனம், நடுவில் தூரிகை மயிர் போல ஒரு வரிசை. மயிர் குளிர்ந்த புகைக்கு. பட்டை நெருப்புக்கு. எப்படி என்று கேட்டதும் ஒரு துண்டை இடுக்கியில் பிடித்துக் கையடுப்பின் சுடரைக் காட்டினாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பட்டையின் உறை சுருங்கி விரிந்து, உள்ளிருந்து கறுப்பாகப் பஞ்சு போல ஒன்று புரண்டு புரண்டு வெளியே வந்தது. தீபாவளிக்குக் கொளுத்தும் பாம்பு மாத்திரையேதான். நாலு மில்லிமீட்டர் இருந்தது என் கண் முன்னாலேயே விரல் பருமனுக்கு மேல் வீங்கிவிட்டது. தீ பிடித்தால் அந்தப் பாம்பு கதவைச் சுற்றியுள்ள இடுக்கு முழுவதையும் அடைத்துக்கொள்ளும்.

அப்போதுதான் 3 மில்லிமீட்டரின் கணக்கு எனக்கு விளங்கியது. இடைவெளி 9 மில்லிமீட்டர் என்றால் பாம்பு வந்து சேர்வதற்குள் தீ நுழைந்துவிடும். இடைவெளியே இல்லை என்றால் மழைக்காலத்தில் கதவு மூடாது. மூடாத கதவைச் சீவக் கூப்பிடுவீர்கள், சீவ வருகிறவர் எங்கள் ஒப்பந்தக்காரரைப் போல ஒருவராக இருப்பார். பக்கங்களிலும் மேலும் 3 மில்லிமீட்டர், ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். கைக்குழியில் விடுகிற தளர்வு மாதிரிதான். கையைத் தூக்க வேண்டும், தொங்கவும் கூடாது.

மாட்ட இரண்டு நாள். ஒரு கதவு சுமார் 40 கிலோ. என் கணவர் கைகொடுக்கிறேன் என்று போய், ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தேநீர் போட வந்துவிட்டார். ஒவ்வொரு கதவுக்கும் மூன்று கீல், எங்கள் ஊரில் பிணைச்சல் என்போம், துருவேறா எஃகு. கீல் உட்காரும் பள்ளத்தை இயந்திரத்தில் முக்கால் பங்கு எடுத்துவிட்டு, மூலைகளை உளியால் கையில் திருத்தினார். பள்ளத்துக்குள் மெல்லிய கறுப்புத் தாள் ஒன்றை வைத்தார்; அதுவும் வீங்கும் வகைதான். ஏனென்றால் கீல் உலோகம், சூட்டை மரத்துக்குள் கொண்டுபோகும். தாழ்ப் பெட்டியைச் சுற்றியும் அதே தாள். திருகாணிகளின் தலைக் கோடுகள் எல்லாம் ஒரே திசையில் நின்றன. அதற்கும் தீக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பொத்தான் துளைகளை ஒரே திசையில் வெட்டுகிறவள் என்பதால் அதைக் கவனித்தேன்.

வேலை முடிந்ததும் ஒரு பவுண்டு நாணயத்தை எடுத்து நானே கதவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். இப்போதைய பன்னிரண்டு பக்க நாணயத்தின் கனம் 2.8 மில்லிமீட்டர். ஐந்து கதவில் மேலிருந்து கீழே வரை உரசாமல், ஆடாமல் போனது. ஆறாவதில், படுக்கையறைக் கதவில், தாழுக்கு மேலே ஓர் இடத்தில் சிக்கியது. சொன்னேன். அவர் தன் ஆப்பை வைத்துப் பார்த்து, விதிக்குள்தான் இருக்கிறது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஓக் பட்டையில் ஒரே ஒரு சீவல் எடுத்தார். வெங்காயத் தோல் மாதிரி ஒரு சுருள் விழுந்தது. நாணயம் போனது.

பணத்தைப் பற்றி நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒப்பந்தக்காரர் எல்லாக் கதவுக்கும் தானாக மூடும் கை வைக்க வேண்டும், விதி அப்படி என்று கூடுதலாக 400 பவுண்டு கேட்டிருந்தார். மூத்தவர் வேண்டாம் என்றார். தனி வீட்டின் உள்கதவுகளுக்கு அந்தக் கட்டாயம் 2007இலேயே போய்விட்டது. வீட்டோடு ஒட்டிய கார்க்கொட்டகைக்குப் போகும் கதவுக்குத்தான் இன்னும் உண்டு. எங்களுக்குக் கார்க்கொட்டகை இல்லை. இன்னும் கேட்டால், படிக்கட்டைக் காக்க விதி கேட்பது இருபது நிமிடம் தாங்கும் கதவைத்தான். சந்தையில் கிடைப்பது முப்பது நிமிடக் கதவு, அதனால் எல்லாரும் அதையே போடுகிறார்கள் என்றும் அவரே சொன்னார். அறுபது நிமிடக் கதவை என் தலையில் கட்ட அவர் முயலவில்லை.

தானாக மூடாத கதவை நாம்தான் மூட வேண்டும். இங்கேதான் எனக்கும் அவருக்கும் ஒரு சிறு உரசல். எங்கள் சமையலறைக் கதவுக்கு முட்டுக்கொடுக்க என் மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்த அம்மிக் குழவிதான் எப்போதும் கிடக்கும். அவர் அதைக் காலால் தட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். விளக்கினேன். குனிந்து இரண்டு கையாலும் தூக்கிப் பின்கட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். திறந்து கிடக்கிற கதவுக்கு நான் எந்தச் சான்றிதழும் தர முடியாது என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. என் வீடு, என் குழவி.

ஆனால் இந்த ஊரில் இருப்பவர்களுக்குக் கதவு என்றால் என்ன என்பதைக் கிரென்ஃபெல் சொல்லிக்கொடுத்திருக்கிறது. 2017 ஜூன் 14ஆம் தேதி விடியுமுன் தீப்பற்றிய அந்த லண்டன் அடுக்குமாடிக் கோபுரத்தில் 72 பேர் இறந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த பலகைகளைப் பற்றித்தான் எல்லாரும் பேசினோம். அடுத்த வருடம் இன்னொரு செய்தி வந்தது: அங்கிருந்து எடுத்த ஒரு வீட்டுக் கதவைப் போலீசார் சோதிக்கக் கொடுத்தார்கள், முப்பது நிமிடம் தாங்க வேண்டியது ஏறக்குறைய பதினைந்து நிமிடத்தில் விட்டுக்கொடுத்துவிட்டது. இப்போது 11 மீட்டருக்கு மேற்பட்ட அடுக்குமாடிகளில் பொதுவழிக் கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒரு தரமும், வீட்டு முன்கதவுகளை வருடத்துக்கு ஒரு தரமும் பார்க்க வேண்டும் என்று விதி, 2023 ஜனவரியிலிருந்து. எங்களைப் போன்ற தனி வீடுகளை யாரும் வந்து பார்ப்பதில்லை. அதனால் நாணயத்தை நானே வைத்திருக்கிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். தாமதத்தைச் சொன்னேன்: எட்டு வாரம் என்றார்கள், பதின்மூன்று ஆனது. கூரை அறைக்குக் கதவில்லாமல் மகள் திரைச்சீலை கட்டிக்கொண்டு அலுவலகக் கூட்டங்களில் பேசினாள்; பின்னால் குக்கர் விசில் அடிக்கும். தொலைபேசியை மாலை நான்கு மணிக்குப் பிறகுதான் எடுப்பார்கள், அதற்கு முன் இயந்திரச் சத்தத்தில் கேட்காதாம். முதலில் தந்த விலைச்சீட்டில் வாட் வரி சேர்க்கவில்லை, சேர்க்கவில்லை என்று எழுதவும் இல்லை. நான் கேட்டபிறகுதான் தொகை மாறியது. சேர்த்து மொத்தம் 5,900 பவுண்டு: ஆறு கதவு, ஆறு நிலை, கீல், தாழ், பொருத்துக்கூலி, பழையதை அகற்றுவது எல்லாம். ஒப்பந்தக்காரர் கெடுத்த மூன்று கதவின் பணம் தனி. அது திரும்பி வரவில்லை. பராமரிப்புத் தாளை மூன்று தரம் கேட்டு வாங்கினேன். அதில் இருப்பது எளிய விஷயங்கள்தான்: பட்டையின் மேல் வண்ணம் பூசாதே, கதவில் துளை போடாதே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கீல் திருகாணியைப் பார். துளை போடாதே என்பதை முதல் நாளே சொல்லியிருந்தால், முன்னறைக் கதவில் நாட்காட்டி மாட்ட என் கணவர் ஆணியும் சுத்தியலுமாக வந்து நின்றபோது நான் அலற வேண்டியிருந்திருக்காது.

பெரிய குறை நிறம். கூரை அறைக் கதவு மற்ற ஐந்தையும்விட ஒரு சாயம் கருமை. வெனீர் வேறு கட்டிலிருந்து வந்திருக்கிறது. ஒரே சேலைக்கு வேறு சாயத்தில் தோய்த்த நூலால் தைத்துக் கொடுத்தால் என் வாடிக்கையாளர் விடுவாரா? கண்டுபிடிக்கக் கூர்ந்து பார்க்க வேண்டும், கூர்ந்து பார்ப்பதுதான் என் தொழில். வெயில் பட்டால் ஆறும் ஒன்றாகிவிடும் என்றார். கூரை அறைக் கதவில் வெயில் படாது என்றேன். பார்க்கிறேன் என்றார்.

பரிசோதகர் மறுபடி வந்தார். அதே உலோக ஆப்பு. ஆறு கதவிலும் ஒவ்வொரு பக்கமும் செருகினார். எழுதினார். மேல்விளிம்புச் சீட்டைப் பார்க்க ஏணி கேட்டார். பிறகு ஏணி வேண்டாமென்று கைப்பேசியைக் கதவுக்கு மேலே நீட்டிப் படம் பிடித்தார். சீட்டு இருந்தது, எண் இருந்தது. ஐரோப்பியச் சோதனையின் கீழ் வந்த சான்று என்று பார்த்துத் தலையசைத்தார். பழைய பிரிட்டிஷ் சோதனை வகைகள் 2029 செப்டம்பரில் கட்டட விதி வழிகாட்டியிலிருந்து போய்விடும் என்று, நான் கேட்காமலே, படி இறங்கும்போது சொல்லிக்கொண்டு போனார். நிறைவுச் சான்றிதழ் அடுத்த வாரம் வந்தது.

யாருக்கு இந்த மாதிரிப் பட்டறை வேண்டும்? புதிய வீடு, வாசலெல்லாம் நேர், அளவெல்லாம் 762 என்றால் வேண்டாம். கிடங்குக் கதவை வாங்கி, நிலையோடு சேர்த்து முறையாகப் பொருத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள், பணம் மிச்சம். ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் இருப்பவர்கள் முதலில் நாடாவை எடுத்து ஒரு வாசலை மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். மூன்றும் வேறாக இருந்தால் அளவுக் கதவு தவிர வழியில்லை. யாரிடம் போனாலும் கதவுக்கு முன் சான்றிதழின் எல்லைகள் எழுதிய தாளைக் கேளுங்கள். தர மறுப்பவரையும், அதென்ன தாள் என்று கேட்பவரையும் விட்டுவிடுங்கள்.

குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டபின் சமையலறைக் கதவு கொஞ்சம் சுருங்கி இடைவெளி 4 தாண்டியது. சொன்னதும் அந்தப் பெண் தனியாக வந்து கீலைத் திருத்தி 3க்குக் கொண்டுவந்தாள், காசு வாங்கவில்லை. போகும்போது நடைவழியில் குழவியைக் கண்டாள். பகலில் மட்டும்தான், இரவில் எடுத்துவிடுகிறேன் என்றேன். ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போனாள்.

நிறத்துக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பிறகு மறுபடி கூப்பிடப் போகிறேன்.